பதியாத விரல்

அண்டியாபீஸில் தரையோடு தரையாக
எங்கள் வரிசையில் முப்பத்தொன்பது பேர்.
கறுத்த அண்டியைக் கல்லில் நிறுத்தி
கட்டையால் ஒரு தட்டு, திருப்பி இன்னொரு தட்டு.
முதல் தட்டுக்கு அருள் நிறைந்த மரியே,
இரண்டாவதற்கு அர்ச்சிஷ்ட மரியாயே.
பருப்பு முழுசாய் விழுந்தால் ஒரு மணி.
உடைந்தால் கூலியில் பிடிப்பார்கள்,
செபத்தில் பிடிப்பதாகத் தெரியவில்லை.

கல்யாணம் கழிந்த வருஷம் இப்படித் தொடங்கியது,
நேரம் போக வேண்டுமே என்றுதான்.
பக்தி என்று சொன்னால் கிளாடிஸ் சிரிப்பாள்.
இன்றைக்கு எத்தனை மாலை என்று
சோற்றுப்பாத்திரத்தைத் திறந்துகொண்டு
அவளிடம் பெருமை பேசியதும் உண்டு.

பிறகு, எந்த மழைக்காலம் என்று நினைவில்லை,
வார்த்தைகள் தேயத் தொடங்கின.
முதலில் பாவிகளாயிருக்கிற எங்களுக்காக போயிற்று.
இப்பொழுதும் என்பது மட்டும் நின்றது சில காலம்.
தட்டு. இப்பொழுதும்.
தட்டு. இப்பொழுதும்.
அதுவும் ஒருநாள் தோடு போல விலகி
உள்ளே ஒன்றும் இல்லாமல்,
இல்லை, ஒன்றும் இல்லாமல் அல்ல,
யாரோ பக்கத்தில் குத்தவைத்து
பேசாமல் அண்டி தல்லுகிற மாதிரி.

பயந்துபோனேன்.
பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டு
"சாமி, செபம் மறந்து போச்சு" என்றேன்.
வலைக்கு அந்தப்பக்கம் கொஞ்சம் சத்தமில்லை.
"மறந்த பொறவு என்ன செய்யுதீங்க?"
"சும்மா இருக்கேன்."
"அவரு?"
"அவரும் சும்மா இருக்காரு."
அபராதம் ஒன்றும் கொடுக்கவில்லை.
மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது,
சளியோ என்னவோ.

கறை எண்ணெய் விரலைத் தின்றதும்
அதே வருஷங்களில்தான்.
சாம்பல் தேய்த்தாலும் விளக்கெண்ணெய் தேய்த்தாலும்
தோல் உரியும், வளரும், உரியும்.
போன செவ்வாய் கருங்கல் ரேஷன் கடையில்
சேலைத்தலைப்பில் துடைத்துத் துடைத்து
பத்து விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று.
மெஷினுக்கு என்னைத் தெரியவில்லை.
"ரேகையே இல்ல பாத்துக்கிடுங்க" என்றான் செல்வின்.
ஓடிபி மஸ்கட்டில் என் மகனுக்க போனுக்குப் போகும்.
அவன் ராத்திரி டியூட்டி கழிந்து உறங்குகிறான்.

அரிசிச் சாக்கில் சாய்ந்து நின்றேன் ஒன்றரை மணி நேரம்.
வரிசை என்னைச் சுற்றிக்கொண்டு நகர்ந்தது.
எடை மெஷின் தட்டில் ஒரு எறும்பு ஏறியது.
எண் மாறவில்லை.
ஆனாலும் அது ஏறியிருந்தது.
அந்த ஒன்றரை மணி நேரத்தை
எந்தக் கணக்கில் எழுதுவதென்று இன்னும் தெரியாது.
கேட்கவும் இல்லை, மன்றாடவும் இல்லை.
கடைசியில் மகன் கூப்பிட்டு, கொட்டாவியோடு,
"ஏழு, பூஜ்யம், ரெண்டு" என்று சொல்லச்சொல்ல
நானும் மறுமொழி போலச் சொன்னேன்.
ஆறாவது எண்ணுக்கு ஆமென் சொல்லிவிட்டேன்.
செல்வின் நிமிர்ந்து பார்த்தான்.

முதல் வெள்ளி ராத்திரி ஆராதனை.
கதிர்ப்பாத்திரத்துக்கு முன் எல்லோரும் கைகூப்ப
நான் விரித்து மடியில் வைத்திருந்தேன்.
தோமையாருக்கு விரலில் ரேகை இருந்திருக்கும்.
விலாவில் விட்டு எடுத்தபோது
இன்னான் வந்தான் என்று அங்கே பதிந்திருக்கும்.
(தொட்டான் என்று வேதத்தில் எழுதவேயில்லை,
கைநீட்டச் சொன்னதோடு சரி என்பாள் கிளாடிஸ்.)
என் விரல் போனால் வழுவழுவென்று போய்த் திரும்பும்.
யார் வந்தது என்று காயத்துக்கே தெரியாது.

ஆனால் ஒன்று.
தோல் மெலிந்த விரலுக்கு எல்லாமே கூடுதலாய்ச் சுடும்.
டீ கிளாஸ் சுடும். வெயிலில் கிடந்த சாவி சுடும்.
அன்று, மடியில் வெறுமனே கிடந்த கை,
பக்கத்தில் மெழுகுவர்த்தி கூட இல்லை,
நுனி பத்தும் சுட்டது.

திங்கள்கிழமை கிளாடிஸ் கேட்டாள்,
"இன்னிக்கு எத்தன மாலை பிள்ளே?"
"எண்ணல்ல."
கட்டை கைக்குள் வந்தது.
முதல் அண்டியே உடைந்தது.